வெறுந்தட்டு திரும்பாது

மைமூனா ஒரு மெத்தையோடும் இரண்டு பெட்டிகளோடும் அந்தப் பழைய ஆஸ்பத்திரிக்குள் நுழைந்தபோது, மலையிலிருந்து தென்கிழக்குக் காற்று இறங்கி அடித்துக்கொண்டிருந்தது. கேப் டவுனில் அவள் குடும்பம் மூன்று தலைமுறையாக வாடகைக்கு இருந்த வீட்டைப் புதிதாக வாங்கியவன் காபிக்கடை ஆக்கிவிட்டான். அவளைப் போலத் துரத்தப்பட்டவர்கள்தாம் மூடிக்கிடந்த இந்த ஆஸ்பத்திரியைப் பிடித்து வைத்திருந்தார்கள்.

"இங்க ஒரே சட்டம்தான்," என்றாள் போராட்டத்தை நடத்தும் ஃபல்தீலா. "ரூமைக் காலியா விடாதே. ஆள் இருந்தா கோர்ட் உத்தரவு இல்லாம தொடமாட்டானுங்க. இல்லேன்னா செக்யூரிட்டி பூட்டிட்டுப் போயிடுவான். அப்புறம் தலைகீழா நின்னாலும் கிடைக்காது."

கடைசி வார்டின் மூலை அறை. சுவரில் இன்னும் மருந்து வாடை. பக்கத்துக் கதவுக்குப் பின்னால் யாரோ வயதானவள் இருமினாள்.

நோன்பு மாதம். பக்கத்து வீட்டுக்குத் தட்டு அனுப்பாமல் நோன்பு திறக்க அந்த ஊரில் யாருக்கு மனம் வரும்? சமோசாவைத் துணியால் மூடி, அந்தக் கதவடியில் வைத்துவிட்டு வந்தாள்.

தொழுகை முடிந்து பார்த்தால், கழுவிய தட்டு அவள் வாசலில். வெறுந்தட்டைத் திருப்பக்கூடாதே, நடுவில் ஒரு பிடி சர்க்கரை. நல்ல குடும்பத்துப் பொம்பளைதான் என்று நினைத்துக்கொண்டாள்.

சர்க்கரையில் மண்வாடை அடித்தது.

தினமும் தட்டு போனது, வந்தது. ஒரு நாள் மைமூனாவின் மகளுக்குப் பிரசவவலி என்று செய்தி. ஃபல்தீலாவும் மற்றவர்களும் கோர்ட்டுக்குப் போயிருந்தார்கள். அவள் பக்கத்துக் கதவைத் தட்டினாள்.

"ஆன்ட்டி, நான் வர்றவரைக்கும் என் ரூம்ல கொஞ்சம் இருங்களேன்."

"போயிட்டு வா மகளே. நான் இருக்கேன்," என்று மூடிய கதவுக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது.

மறுநாள் பொழுது சாயத் திரும்பியபோது, காவலாள் லுவாண்டோ படியில் குந்தியிருந்தான். கையைத் தேய்த்துக்கொண்டே இருந்தான்.

"பூட்டத்தான் வந்தேம்மா. உள்ள ஒரு வயசான அம்மா. என் கையைப் புடிச்சுக்கிட்டு, 'அன்னிக்கு வெள்ளைக்காரனுக்கு எடம் வேணும்னு எங்களை வீட்டை விட்டுத் துரத்தி லாரியில ஏத்தினீங்க. இனிமே நகரமாட்டேன்'னாங்க. கை ஐஸ் மாதிரி இருந்துச்சு."

"பக்கத்து ரூம் ஆன்ட்டிதான்," என்றாள் மைமூனா.

கோர்ட்டிலிருந்து வந்திருந்த ஃபல்தீலா அவளை ஒரு மாதிரி பார்த்தாள். "பக்கத்துல ஏதுடி ரூம்? அது பழைய பிணவறை." கதவை இழுத்துத் திறந்து காட்டினாள்.

உள்ளே, வாசலையே அடைத்துக் கட்டிய செங்கல் சுவர். சுவரடியில் சமோசாத் துணுக்குகள்.

எப்படியோ, அறை தப்பியது. பாங்கு ஒலித்தது. இருந்தும் மைமூனா தட்டை எடுத்துக்கொண்டு அந்தக் கதவடிக்குப் போனாள்.

இருமல் கேட்டது.

அவளுடைய அறைக்குள்ளிருந்து.

"அங்க எதுக்கு வைக்கிறே மகளே? நீதானே இருக்கச் சொன்னே."

எட்டிப் பார்த்தாள். மெத்தையில் ஆளில்லை. ஒரு பாதி மட்டும் அமுங்கியிருந்தது. மறுபாதியில் போர்வையை விலக்கி, அவளுக்கு இடம் விட்டிருந்தது.

போக வேறிடமில்லை. மைமூனா உள்ளே போனாள்.