பூட்டிய அறையில் இரண்டு கேலக்ஸிகள்

வெள்ளிக்கிழமை, மாலை 7.10. கள்ளக்குறிச்சி.

பின்னறைப் பூட்டைத் திறந்த மாஹிரா நிலைப்படியிலேயே நின்றுவிட்டாள். மேசைமேல் லேப்டாப். திரை கறுப்பு. தொட்டுப் பார்த்தாள். உடம்பு சில்லிட்டிருந்தது.

இறந்தவை இரண்டு கேலக்ஸிகள். ஒரு வாரத்துக்கும் மேலாக அவை ஒன்றையொன்று நெருங்கி, மோதி, ஒன்றாகிக்கொண்டிருந்தன. வானத்தில் அல்ல, மாஹிரா எழுதிய நிரலில். அவள் வானியற்பியல் ஆய்வு மாணவி. தெருவில் அதற்குப் பெயர் ‘ராக்கெட்டு படிக்கிற பொண்ணு’.

திங்கள் காலை இணையவழியில் ஆய்வுக்குழு கூடுகிறது. அதற்குள் கேலக்ஸிகள் ஒன்றாகாவிட்டால் தீசிஸ் ஆறு மாதம் தள்ளிப்போகும். ஐந்து பேராசிரியர்களுக்கு ஒரே நாளில் ஓய்வு கிடைப்பது கிரகணத்தைவிட அபூர்வம்.

அறைச் சாவி அவள் பையில்தான் இருந்தது. கல்வராயன் மலையில் ஒரு பள்ளிப் பிள்ளைகளிடம் நிலாவைப் பற்றிப் பேசக் காலையில் கிளம்பியவள், இப்போதுதான் வெள்ளிமலை பஸ்ஸிலிருந்து இறங்கி வருகிறாள். ஜன்னல் திறந்திருந்தாலும் கம்பி போட்டது. ஒருவரும் உள்ளே வந்திருக்க முடியாது.

லேப்டாப்பின் பேட்டரி செத்துப் பல மாதம். ஒயரில் வரும் கரண்ட்டில்தான் அதன் உயிர். புது பேட்டரியை தீசிஸுக்கு அப்புறம் என்று தள்ளிவைத்திருந்தாள். ஆய்வு மாணவர்கள் பல்வலியையும் அப்படித்தான் தள்ளிவைக்கிறார்கள். பட்டனை அழுத்தி உயிர் கொடுத்துப் பார்த்தாள். அது அணைந்ததாகப் பதிவான நேரம்: பிற்பகல் 3.12.

தலைக்கு மேல் ஃபேன் பறந்துகொண்டிருந்தது. காலையில் அதன் இறக்கைகளை எண்ணிவிடலாம் போலிருந்தது.

விசாரணை கூடத்தில் தொடங்கியது.

“கரண்ட் போச்சாம்மா?”

“போவலியே. ஃபிரிட்ஜு ஓடிக்கினேதான் இருந்துச்சு” என்றாள் அம்மா ரோஷன் பீவி.

“மூணு மணிக்கு எங்க இருந்தீங்க?”

“அடுப்பாண்ட. ஒங்க அத்தா அப்பதான் சாப்புட வந்தாரு. இன்னாடி, போலீஸ்காரி மாரி கேக்குற?”

“மாமா, நீங்க?”

சோஃபாவில் சாய்ந்திருந்த ரவூப் மாமா, அம்மாவின் அண்ணன். இருபது வருடம் சவூதியில் இருந்தவர். என்ன வேலை என்று கேட்டால் ‘மேனேஜ்மெண்ட்’ என்பார்.

“நான் கண்ண மூடி யோசிச்சிக்கினு இருந்தேன்.”

“கொறட்ட வுட்டு யோசிச்சாரு” என்றாள் அம்மா.

“இது சூரியப் புயலு மா. ஜித்தாவுல நான் நேர்லயே பாத்திருக்கேன்” என்றார் மாமா.

மாஹிரா சுவரைப் பார்த்தாள். மாமா கொண்டுவந்த, தொழுகை நேரத்துக்குப் பாங்கு சொல்லும் கடிகாரம், கரண்ட்டில் ஓடும் டிஜிட்டல், 4.10 காட்டியது. அவள் போனில் 7.22.

“இது ஏன் மாமா இப்படி ஓடுது?”

“சவூதி கடியாரம். மக்கா நேரம் காட்டுது” என்றார் மாமா, கூச்சமே இல்லாமல்.

“மத்தியானம் நம்ம நேரத்துக்குத்தானே பாங்கு சொல்லிச்சு?” என்றாள் அம்மா.

“அப்பறம் ஊரு நெனப்பு வந்திருக்கும்.”

அப்போது ஜவுளிக் கடையிலிருந்து அத்தா காஜா வந்தார். பையைக்கூட வைக்கவில்லை. “இன்னா மா, கம்ப்யூட்டரு இப்ப ஜோரா ஓடுதா?” என்று கேட்டார். பரிசு கொடுத்துவிட்டு, பிரித்தாயா என்று கேட்பவரின் முகம் அது.

மாஹிராவுக்குப் புரிந்துவிட்டது.

“மாமா, மக்கா நமக்கு ரெண்டரை மணி நேரம் பின்னால. அந்த நேரம்னா 4.52 இருக்கணும். இது 4.10. கரண்ட் விட்டு வந்தா இந்தக் கடியாரம் பன்னெண்டுலர்ந்து ஆரம்பிக்கும். 7.22லர்ந்து நாலு மணி பத்து நிமிஷம் பின்னால போனா, 3.12. லேப்டாப் நின்ன அதே நேரம். கண்ண மூடித் தெறக்கற நேரம்தான் கரண்ட் போயிருக்குது. ஃபிரிட்ஜு கண்டுக்காது. பேட்டரி இல்லாத லேப்டாப் செத்துடும்.”

“லைன்ல கோளாறு” என்றார் மாமா.

“அப்ப ஃபேன் ஏன் இவ்ளோ வேகமா சுத்துது? ஒரு வாரமா வோல்டேஜ் கம்மி. யாரோ பேஸ் மாத்தியிருக்காங்க.”

மீட்டர் பெட்டி அருகே ஒரு திருகு சுவிட்ச் உண்டு. மூன்று பேஸ் லைனில் எதில் வோல்டேஜ் நன்றாக வருகிறதோ அதற்குத் திருப்பிக்கொள்ளலாம். திருப்பும் கணத்தில் வீடே ஒருமுறை கண் சிமிட்டும்.

“ஷாக் அடிச்சதுலர்ந்து அம்மா அந்தப் பக்கமே போவமாட்டாங்க. மாமா எழுந்து போய் ஒரு வேல செஞ்சிருந்தா, இந்நேரம் ஊருக்கே தெரிஞ்சிருக்கும்.”

மாமா இதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டார்.

மாஹிரா திரும்பினாள். குற்றவாளியின் பெயரை உரக்கச் சொல்ல வேண்டிய இடத்தில் அவள் குரல் இறங்கிவிட்டது. “அத்தா…”

காஜாவின் முகம் சுருங்கியது. “ஜன்னல் வழியா பாத்தேன் மா. ஃபேனு சுத்தவே இல்ல. ஒன் கம்ப்யூட்டரு பாவம், பொஸ்ஸு பொஸ்ஸுன்னு மூச்சு வாங்கிக்கினு கெடந்துச்சு. நல்ல கரண்ட்டா குடுப்போமேன்னு… கெட்டுப்போச்சா?”

மாஹிரா கோபத்தைத் தேடிப் பார்த்தாள். அகப்படவில்லை.

“நேத்து சேவ் பண்ணது இருக்குது அத்தா. அங்கேர்ந்து ஓட்டுனா திங்கக்கெழம விடியறப்ப முடிஞ்சிடும். ஆனா நடுவுல ஒரு தடவகூட கரண்ட் விடக் கூடாது.”

சனியும் ஞாயிறும் காஜா கடைக்குப் போகவில்லை. மீட்டர் பெட்டியடியில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டார். மறுபடி வோல்டேஜ் கம்மியாகி எல்லோரும் விசிறியால் வீசிக்கொண்டார்கள். “இங்க நாங்க கேலக்ஸி ஓட்டிக்கினு இருக்கோம்” என்று வருகிற போகிறவர்களிடம் அறிவித்தார் மாமா. அவர் ஓட்டியது சோஃபாவிலிருந்து.

திங்கள், காலை 6.40.

“முடிஞ்சிடுச்சு அத்தா! சேந்துடுச்சு!”

காஜா வந்து திரையைக் குனிந்து பார்த்தார். நேரம் எடுத்துப் பார்த்தார்.

“இவ்ளோ வேகமா மோதுச்சே, உள்ள இருக்கற நட்சத்திரத்துக்கெல்லாம் ஒண்ணும் ஆவலியா?”

“ஆவல அத்தா. அது ஒண்ணுக்கொண்ணு அவ்ளோ தூரத்துல இருக்குது. இடிச்சிக்காம உள்ள நொழஞ்சி, கலந்து, ஒரே குடும்பமாயிடும்.”

“ஒண்ணுக்குமே அடிபடல?”

“படல.”

“அல்ஹம்துலில்லாஹ்” என்றார் காஜா. மூன்று நாளாக அந்தக் கேள்வியைக் கேட்கப் பயந்துகொண்டிருந்தவர், சட்டையை மாட்டிக்கொண்டு கடைக்குக் கிளம்பினார்.