புதுக் கம்ப்யூட்டர் கேட்ட கேள்வி

வானொலிக்காரி மேசைக்கு நேரே உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில், நாற்காலி நுனியில், ரொட்டிக்கடை வைத்திருக்கும் கணவர். ஜன்னல் கட்டையில் அவள் தம்பி. கம்ப்யூட்டர் மெக்கானிக் மட்டும் கூண்டில் ஏற்றப்பட்டவர்போல நின்றார். சேதம் எப்படி நேர்ந்ததென்று கண்டுபிடிக்கத் தம்பி அழைத்துவந்த காப்பீட்டு சர்வேயர் ஸ்டூலில் அமர்ந்து கண்ணாடியைத் துடைத்தார். அவருடைய புகைப்படக்காரிக்கு உட்காரப் பொறுமையில்லை.

தொண்டை அறுவையோடு வானொலிக்காரிக்குப் பேச்சு போயிற்று. அப்போது மகள் கைக்குழந்தை. அம்மாவின் குரல் அந்தப் பிள்ளைக்குத் தெரியாது. வானொலி நிலையமும் மூடியாயிற்று. குரல் மிஞ்சியிருந்த ஒரே இடம், மேசைமேல் செங்கல்போலக் கிடந்த பழைய ஹார்ட் டிஸ்க். நேற்று மெக்கானிக் அதற்குக் கேபிளும் தனிப் பவர் பெட்டியும் பொருத்திவிட்டு, அதைப் படிக்கும் மென்பொருளை எடுத்துவரப் போனார். இன்று காலை குடும்பத்தார் எதிரில் வீட்டுப் புதுக் கம்ப்யூட்டரில் இணைத்தார். மறுபேச்சில்லாமல் திறந்தது. உள்ளே கழுவிக் கவிழ்த்த பாத்திரம்.

"இதுல யோசிக்க என்ன இருக்கு சார்? தொட்டவர் இவர்தானே!" என்றாள் புகைப்படக்காரி.

"ஏம்மா, கத்தி வச்சிருக்கவன்தான் ஊர்ல எல்லா கழுத்தையும் அறுத்தானா?" என்றார் மெக்கானிக்.

"நேத்து நான் வேலைக்குப் போயிட்டேன். அத்தான்தான் வீட்டுல இருந்தார்," என்றான் தம்பி.

"நான் அந்த அறைப் பக்கமே போகல மச்சான்! யாரோ தெரியாம செஞ்சிருப்பாங்க. கம்ப்யூட்டரே 'சரிபண்ணட்டுமா'ன்னு கேட்டா யாருதான் வேண்டாம்பாங்க?"

கண்ணாடி துடைத்த கை நின்றது.

"மெக்கானிக், காலையில அது ஏதாவது கேட்டுச்சா?"

"இல்லையே சார், நேரா திறந்துச்சு. பழைய டிஸ்க்கோட பாஷை புரியலன்னாதான் 'ஃபார்மேட் பண்ணட்டுமா'ன்னு கேட்கும். ஆமான்னு அமுக்கினா துடைச்சுப் போட்டுரும். அப்புறம் கேட்காது."

"அப்போ கேள்வி நேத்தே வந்துபோச்சு." சர்வேயர் கணவரிடம் திரும்பினார். "ரொட்டி சுடுறவர் நீங்க. அது கேட்கும்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

புகைப்படக்காரி கேமராவை உயர்த்தினாள். கணவர் முகத்தைப் பார்த்ததும் தாழ்த்தினாள்.

"பிள்ளை தூங்கி எழுந்ததும் அம்மா குரல் காதுல விழட்டும்னு நேத்து நானே கேபிளைச் சொருகிப் பார்த்தேன். 'சரி'ன்னு அமுக்கினேன். நல்லதைத்தான் கேக்குதுன்னு நினைச்சேங்க."

வானொலிக்காரி எழுந்தாள். வாய் திறந்தது. திட்டுவதற்குக்கூட அவளிடம் குரல் இல்லை. உட்கார்ந்துவிட்டாள்.

புகைப்படக்காரிக்கு அழுகை முட்டியது. குற்றவாளி அகப்பட்டும் கையில் ஒன்றும் அகப்படவில்லை.

"திரும்பக் கிடைக்குமா சார்?"

"இதை மீட்கிற பட்டறை ஒண்ணு வெளியூர்ல இருக்கு. மேலோட்டமா துடைச்சிருந்தா கிடைக்கலாம். கிடைக்காமலும் போகலாம். நம்ம கையில இல்ல," என்றார் சர்வேயர்.

பட்டறைக்குக் கடிதத்தைச் சர்வேயரே எழுதினார்: முதலாவது, டிஸ்க் எவ்வாறு அழிந்தது, இரண்டாவது, அதன்பின் அதில் எதுவும் எழுதப்படவில்லை, மூன்றாவது, உள்ளே இருந்தது ஒரு பெண்ணின் குரல். வானொலிக்காரி பேனாவை வாங்கி அடியில் ஒரு வரி சேர்த்தாள்:

'எது கிடைத்தாலும் போதும். வானிலை அறிக்கையானாலும் சரி.'

உறையை ஒட்டி, டிஸ்க் வைத்த பெட்டிமேல் கட்டினார்கள். கூரியர்காரர் அதை வாங்கி மற்றப் பெட்டிகளோடு வண்டிக்குள் வீசினார்.

"மெதுவாங்க!" என்று கணவர் கத்துவதற்குள் வண்டி தெருமுனையைத் தாண்டிவிட்டது.