ஆறு பேருக்கு ஒரு சஹன்

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்து மூன்றாம் ஆண்டு. மாத்தளையில் மிளகு வியாபாரம் செய்த மீராசாஹிபின் வீட்டுப் பிள்ளைகளைப் பார்த்துப் பாடசாலையில் யாரும் சிரித்தது கிடையாது. அந்தப் பெருமைக்கு இப்போது அவருடைய எட்டு வயது மகன் நுஹ்மானால் ஆபத்து வந்திருந்தது.

போன வாரம் அவன் தன் கட்டுரையை வாசித்தபோது ஒருவருக்கும் ஒன்றும் விளங்கவில்லை. வகுப்பே சிரித்துவிட்டது. நாளைக்கு மறுபடியும் வாசிக்க வேண்டும். வீட்டு வழக்கம் ஒன்றை, அதை அறியாதவருக்கும் புரியும்படி விளக்கி எழுதச் சொல்லியிருந்தார் ஆசிரியர்.

நுஹ்மான் எழுதியது மூன்றே வரி.

"எங்கள் கல்யாண வீட்டில் ஆறு பேர் உட்கார்ந்து சாப்பிடுவோம். முதலில் உப்பைத் தொட்டு நாக்கில் வைப்போம். அடுத்தவர் பக்கம் கை நீட்டக் கூடாது."

வாப்பா மீராசாஹிப் அதைப் பார்த்துவிட்டுத் தாடியைத் தடவினார். ஆறாம் வகுப்பில் படிக்கும் மகள் ஆஸியாவை அழைத்து, நீயே எழுதிக் கொடு, அவன் பார்த்து எழுதட்டும் என்றார்.

ஆஸியா பணிவாகத்தான் பேசினாள். குரல் மட்டும் தளரவில்லை.

"நான் எழுதினத தம்பி அவன்ட பேரப் போட்டு வாசிச்சா, அது நம்ம வீட்டுக்கு மரியாதையா வாப்பா?"

அந்த வீட்டில் அவரிடம் யாரும் அப்படிக் கேட்டதில்லை. அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார். கிடங்கில் வேலை இருப்பதாகச் சொல்லிப் போய்விட்டார். முகத்தில் கோபம் இல்லை.

ஆஸியா தம்பியின் கட்டுரைக் கொப்பியை வாசித்தாள். அவளுக்கு எல்லாம் விளங்கியது. அதுதான் சிக்கல். தெரிந்தவளுக்கு எழுதாததும் விளங்கிவிடும். ஆகவே, புத்தகம் இரவல் வாங்க வந்த தன் வகுப்புத் தோழி கிருஷ்ணம்மாவை உட்காரவைத்தாள். கிருஷ்ணம்மா தேயிலைத் தோட்டத்துப் பிள்ளை. இந்த விருந்தைக் கண்டதில்லை.

நுஹ்மான் வாசித்தான். கிருஷ்ணம்மா யோசித்தாள்.

"அவங்கவங்க இலையில சாப்பிடுறாங்க. அடுத்தவங்க பக்கம் கை எதுக்குப் போவுது? உங்க ஆளுங்க அவ்வளவு பசியோடயா வர்றாங்க?"

நுஹ்மானுக்கு ரோஷம் வந்துவிட்டது. "இலை ஏது? ஆறு பேருக்கும் ஒரே சஹன்தானே. இவ்வளவு பெரிய தட்டு."

"அத நீ எழுதலியே தம்பி."

அவன் கொப்பியைப் பார்த்தான். தட்டு எங்கேயும் இல்லை. ஆஸியா சிரிப்பை அடக்கிக்கொண்டு பென்சிலை அவன் பக்கம் தள்ளினாள்.

அதன்பிறகு கிருஷ்ணம்மா விடவில்லை. தட்டை எங்கே வைப்பது, எப்படி உட்காருவது, இறைச்சி எதிர்ப் பக்கம் கிடந்தால் என்ன செய்வது என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். நுஹ்மான் சொன்னான், எழுதினான், அடித்தான், மறுபடியும் எழுதினான். ஆஸியா ஓர் எழுத்துக்கூட எழுதிக் கொடுக்கவில்லை.

மறுநாள் அவன் வாசித்தான்.

"சஹன் என்பது ஆறு பேர் சேர்ந்து சாப்பிடும் பெரிய வட்டத் தட்டு. பாயில் வெள்ளைச் சீலை விரித்து நடுவில் வைப்பார்கள். அதைச் சுற்றி உட்கார வேண்டும். இறைச்சி தூரத்தில் இருந்தால் எட்டி எடுக்கக் கூடாது. அங்கே இருப்பவர் பிய்த்து உங்கள் பக்கம் வைப்பார்."

யாரும் சிரிக்கவில்லை. ஆசிரியர் வஹகோட்டை என்ற கத்தோலிக்க ஊரிலிருந்து பஸ்ஸில் வருபவர். சஹனில் சாப்பிட்டதே இல்லை. அவர் ஒரு பாயை விரித்து, வெறும் தட்டு ஒன்றை நடுவில் வைத்தார். இந்த வழக்கம் தெரியாத ஐந்து பிள்ளைகளை அழைத்து, நுஹ்மானை முதலிலிருந்து வாசிக்கச் சொன்னார். அவன் வாசிக்க வாசிக்க, அவர்கள் அப்படியே செய்தார்கள். ஒருவன் கையைக் குறுக்கே நீட்டினான். பக்கத்தில் இருந்தவள் அதை மெல்லத் தள்ளிவிட்டாள்.

ஆறாவது இடம் காலியாக இருந்தது. தங்கள் வகுப்பு இடைவேளைக்கு வெளியே வந்த ஆஸியாவும் கிருஷ்ணம்மாவும் ஜன்னலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஆசிரியர் செருப்பைக் கழற்றினார். சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு அந்த இடத்தில் உட்கார்ந்தார்.

"அடுத்த வரிய வாசிங்க நுஹ்மான்," என்றார். "எங்களுக்குத் தெரியாதே."