சித்தி நறுக்கிய ஆப்பிள்

"நான் விஷம் வெச்சேனா இல்லையான்னு நீங்கதான் கண்டுபிடிச்சுச் சொல்லணும் சார்" என்றாள் வந்தவள். அவள் ஒரு தையல்காரி. விரல்நுனியெல்லாம் ஊசி குத்திய தழும்பு.

துப்பறிவாளர் நாற்காலியைக் காட்டினார். அதற்குள் அவருடைய மச்சான் பேனாவைத் திறந்துவிட்டார். மனைவியின் அண்ணனை வேலையை விட்டு நீக்க வழியில்லை. 'அவசரக்குடுக்கை' என்று பெயர் வைத்ததோடு துப்பறிவாளர் மனதைத் தேற்றிக்கொண்டிருந்தார்.

தையல்காரி ஒரு லிஃப்ட் மெக்கானிக்குக்கு இரண்டாம் தாரம். முதல் மனைவி காலமாகிவிட்டாள். அவள் விட்டுப்போன ஒன்பது வயது மகளுக்கு இவள் சித்தி. இரண்டு வருடத்துக்கு முன் கல்யாணமான கையோடு புது வீட்டுக்குக் குடிவந்திருந்தார்கள். கொஞ்ச நாளாகச் சித்தி நறுக்கித் தரும் ஆப்பிளையோ கேரட்டையோ தின்றால் பிள்ளைக்கு வாயில் ஏதோ செய்கிறது. அப்பா தருவது எதுவும் ஒன்றும் செய்வதில்லை.

"நாளைக்கு அவள அத்தை வீட்டுல விட்டுடப் போறாராம். சித்தின்னாலே இப்படித்தான்னு நாலு பேர் சொல்லுவாங்க, அது போகட்டும். அவ இல்லாத வீட்டுல எனக்கு என்ன சார் வேலை?"

மூவரும் கிளம்பினார்கள். "பழத்துல ஆசிட் மாதிரி என்னவோ தடவியிருக்காங்க மாப்பிள்ளை" என்று மச்சான் காதைக் கடித்தார். அந்தக் குளிர்தேசத்துத் தெருவின் இருபுறமும் வெள்ளைப் பட்டை பிர்ச் மரங்கள் பூத்துத் தொங்கின. வீட்டு ஜன்னல் விளிம்பில் மஞ்சள் தூசி படிந்திருந்தது. துப்பறிவாளர் அதை விரலால் தொட்டுப் பார்த்தார். கதவைத் திறந்த சிறுமி வரிசையாகத் தும்மினாள், கண் இரண்டும் சிவந்திருந்தன.

மெக்கானிக் சமையலறையில் உட்கார்ந்திருந்தார். "எங்க தொழில்ல ஒரு பழக்கம் சார். நல்லா ஓடின லிஃப்ட் நின்னா, கடைசியா எந்தப் பாகத்த மாத்தினோம்னு பார்ப்போம். இவங்கம்மா இருந்தப்ப ஆப்பிளா தின்னு தீர்த்தவ. இப்ப வாய் எரியுதுங்கறா."

மச்சான் 'எரியுது' என்று எழுதி அடிக்கோடு போட்டார்.

துப்பறிவாளர் சிறுமியின் முன்னால் தரையில் உட்கார்ந்தார். "வாய் எரியுதாம்மா?"

"எரியல. அரிக்குது. உதடு, நாக்கு எல்லாம். கொஞ்ச நேரத்துல போயிடும்."

மச்சான் எழுதியதை அடித்தார். எரிச்சலுக்கும் அரிப்புக்கும் உள்ள வித்தியாசம் அப்பாவின் வாயில் காணாமல் போயிருந்தது.

"நீங்க இவளுக்கு என்ன தருவீங்க?" என்று துப்பறிவாளர் மெக்கானிக்கைக் கேட்டார்.

"காலையில ரொட்டியில ஜாம் தடவித் தருவேன்."

"என்ன ஜாம்?"

மெக்கானிக் பாட்டிலை எடுத்தார். அதில் பெயர்ச்சீட்டு எதுவும் ஒட்டியிருக்கவில்லை. அவர் மனைவியைப் பார்த்தார்.

"ஆப்பிள் ஜாம்" என்றாள் அவள் மெதுவாக. "நான் செஞ்சதுதான். அதே கூடைப் பழம்."



"அப்ப கை மேல குத்தமில்ல" என்றார் துப்பறிவாளர். "அப்பா தந்தது வெந்தது, சித்தி தந்தது பச்சை. வித்தியாசம் அடுப்புதான். உங்க தொழில் கணக்கு சரி சார். ஆனா நீங்க மாத்தினது ரெண்டு பாகம். கல்யாணத்தோட வீட்டையும் மாத்தினீங்க. போன வருஷம் இந்த மரம் பூத்தப்ப தும்மினாளா?"

"விடாம தும்மினா."

"ஜன்னல்ல மஞ்சளா படிஞ்சிருக்கற இந்த மகரந்தத்த அவ உடம்பு வருஷம் போகப் போக எதிரின்னு நினைச்சுடுச்சு. ஆப்பிள்லயும் கேரட்டுலயும் அதே ஜாடையில ஒரு புரதம் இருக்கு. அண்ணன் மேல இருக்கற கோபத்துல தம்பிய அடிக்குது. வேக வெச்சா அந்த ஜாடை கலைஞ்சுடும். டாக்டர்கிட்ட சோதிச்சு உறுதி பண்ணிக்குங்க. அதுவரைக்கும் பச்சையா தராதீங்க. தொண்டை அடைச்சாலோ மூச்சு முட்டினாலோ உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்க."

மெக்கானிக் தலையைக் குனிந்துகொண்டார். "ஆள் மாறி அடிச்சது அவ உடம்பு மட்டுமில்ல சார்" என்றார். எழுந்து போய் அக்காவுக்குப் போன் போட்டு, பிள்ளை வரமாட்டாள் என்றார்.

"அரிச்சப்பவே துப்பியிருக்கலாமே கண்ணு, ஏன் தின்னே?" என்று மச்சான் கேட்டார். அன்று அவர் கேட்ட ஒரே உருப்படியான கேள்வி அது.

சிறுமி சித்தியைப் பார்க்காமல் சொன்னாள். "மிச்சம் வெச்சா சித்திக்குக் கஷ்டமா இருக்கும். அப்புறம் அவங்களும் போயிட்டா?"

இரண்டு வருடமாக விருந்தாளி வீட்டுப் பிள்ளையிடம் பேசுவதுபோல் பார்த்துப் பார்த்துப் பேசி வந்த சித்தி, அவளை இழுத்து மடியில் போட்டுக்கொண்டு அழுதாள்.

"அரிச்சா துப்பணும்டி, பைத்தியம்" என்றாள். "நான் எங்கயும் போகல."