அரைக் கிண்ணம் ஃபோ

மதியம் ஒரு மணிக்கு வான்மதி வழக்கமான மேசையில் உட்கார்ந்து, சுவையை அனுப்பும் நகத்தளவு நாத்தகட்டை மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டாள். மேசைத்திரையில் பச்சைப் புள்ளி எரிந்தது. பெறுநர் தயார்.

வடபழனி மெட்ரோ தூண்களுக்குக் கீழே இருந்த அந்த உணவகத்தில் பேச்சுச் சத்தமே இருக்காது. சாப்பிடுகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் அவளைப் போன்ற அனுப்புநர்கள். விலை குறைவு என்பதால் நிறுவனங்கள் இவர்களை இங்கேதான் அனுப்பின. வாயால் சாப்பிட முடியாத யாரோ ஒருவருக்காக ஆளுக்கொரு மேசையில் உட்கார்ந்து மென்றுகொண்டிருந்தார்கள்.

சமையல்காரர் சிவஞானம் ஆவி பறக்கும் கிண்ணத்தை வைத்தார். மாட்டெலும்புச் சாறு, அரிசி நூடுல்ஸ், மேலே காகிதம் போல் அரிந்த கறி. பக்கத்துத் தட்டில் முளைப்பயறு, துளசி, எலுமிச்சை, பச்சை மிளகாய். பெறுநரின் ஒழுங்கு அவளுக்கு மனப்பாடம். முதலில் மூன்று கரண்டி வெறும் சாறு. பிறகுதான் எலுமிச்சை. இலையைக் கையால் கிள்ளித்தான் போட வேண்டும். அவர் கப்பலில் பொறியாளராக இருந்தவர், வியட்நாமின் ஹைஃபோங் துறைமுகத்தில் இந்த ஃபோவைச் சாப்பிட்டுப் பழகியவர் என்பது தெரியும். தொண்டையில் அறுவை சிகிச்சை ஆகி மூன்று மாதம். பெயர் தெரியாது.

முதல் கரண்டி சுட்டது. நூடுல்ஸ் வழுக்கிக்கொண்டு இறங்கியது. அவளுக்குக் கிடைத்தது அவ்வளவுதான். ஒரே சுவையை இரண்டு மூளைகள் பகிர்ந்தால் இருவருக்கும் தலைசுற்றும் என்பதால், தகடு சுவையையும் மணத்தையும் அவளிடமிருந்து முழுதாக எடுத்து அவருக்கு அனுப்பியது. தொண்ணூறு கிண்ணம் சாப்பிட்டிருக்கிறாள். ஃபோ எப்படி இருக்கும் என்று அவளுக்குத் தெரியாது.

விடுமுறை நாளில் தனியாக வந்து சாப்பிடலாம்தான். ஆனால் அனுப்பும் உணவை முன்பின் அறியாத நாக்குதான் நிறுவனத்துக்கு வேண்டும். அறிந்துவிட்டால் அவளுடைய விருப்புவெறுப்பும் சேர்ந்து பெறுநருக்குப் போய்விடுமாம். அடுத்த மாதம் இன்னொரு ஃபோ பெறுநர் காத்திருந்தார். ஒரு வாய் சுவைத்தாலும் தகடு காட்டிக்கொடுத்துவிடும். அந்த வேலை போய்விடும்.

பாதிக் கிண்ணத்தில் திரையில் எழுத்துகள் வந்தன. 'இன்று இது போதும். தொண்டை ஆறிவிட்டது, நாளையிலிருந்து நானே சாப்பிடலாம் என்கிறார்கள். இத்தனை நாள் சாப்பிட்டதற்கு நன்றி.'

பச்சைப் புள்ளி அணைந்தது. கிண்ணத்தில் இன்னும் ஆவி வந்துகொண்டிருந்தது.

வான்மதி அதைப் பார்த்தாள், அடுத்த மாத வேலையை நினைத்தாள். பிறகு விரலை விட்டுத் தகட்டைப் பெயர்த்து, கைக்குட்டையில் மடித்து வைத்தாள். மணம் மெல்லத் திரும்பியது. கரண்டியை எடுத்தாள்.

இருமல் மருந்து. சூடான, உப்புப் போட்ட இருமல் மருந்து.

இது இப்படித்தான் இருக்குமோ? ஒப்பிட்டுப் பார்க்க அவளிடம் எதுவும் இல்லை. திரையில் எழுதினாள்: 'ஃபோ மருந்து மாதிரிதான் இருக்குமா?'

பதில் உடனே வந்தது. 'இருக்காது. அன்னாசிப்பூவை அள்ளிப் போட்டிருக்கிறார்கள். மூன்று மாதமாகச் சகித்துக்கொண்டேன். நீங்கள் தினமும் ஒரு சொட்டு விடாமல் குடித்தீர்கள். உங்களுக்குப் பிடித்த கடை போலும் என்று நினைத்து, மாற்றச் சொல்ல மனம் வரவில்லை.'

'எனக்கு ருசி தெரியாது,' என்று எழுதினாள். 'உங்களுக்கு அனுப்பினால் எனக்கு மிஞ்சாது. இன்றுதான் முதல் வாய்.'



'இதை யாரும் எனக்குச் சொல்லவில்லை,' என்று வந்தது.

சிவஞானம் துண்டில் கை துடைத்துக்கொண்டு வந்தார். அவர் சுத்த சைவம். சமைப்பதை நாக்கில் வைத்துப் பார்த்ததே இல்லை. குறிப்பைப் பார்த்துச் செய்வார், இவளைக் கேட்பார். முதல் வாரம் அன்னாசிப்பூவைக் கூட்டிப் போட்டுவிட்டுக் கேட்டபோது, எதையாவது சொல்ல வேண்டுமே என்று ரொம்ப நன்றாக இருப்பதாகச் சொல்லியிருந்தாள். அன்றிலிருந்து அதுதான் அளவு.

"எப்படிம்மா இருக்கு?"

தொண்ணூறு முறை சொன்ன பதில் நாக்கு நுனிவரை வந்தது. அந்த நாக்கில் இப்போது ருசியும் இருந்தது.

"நல்லா இல்லண்ணே."

அவர் எதிர் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். முகத்தில் கோபம் இல்லை. "இப்பவாச்சும் சொன்னியே. அந்த மூணாம் மேசைக்காரரும் தினம் சூப்பர், சூப்பர்ங்கறாரு. நம்பவே முடியல. என்ன தப்பு?"

"அன்னாசிப்பூ அதிகம்."

"எவ்ளோ குறைக்கணும்?"

அவள் திரையைப் பார்த்தாள். புதிதாக ஒரு வரி இருந்தது: 'நாளை ஒரு மணிக்கு அங்கே வரலாமா? என் பெயர் ஜோதிராஜ்.'

"தெரியலண்ணே, இருங்க," என்றாள் வான்மதி. "இன்னொரு வாய் குடிச்சுப் பாத்துச் சொல்றேன்."