பதினேழாம் பெட்டி

மழையில் நனைந்த தலையோடு மாணவி தெரேத்தியா காவலறைக்குள் வந்து நின்றபோது, பல்கலைக்கழகக் காவல் அதிகாரி அபிசாய் தேநீரில் பிஸ்கட்டைத் தோய்த்துக்கொண்டிருந்தார். எதிரே கணினிக்கூடப் பொறுப்பாளர் செரெயானா தன் விரல்களை மோந்து பார்த்து முகம் சுளித்தாள். நான்கு முறை சோப்புப் போட்டும் அழுகிய மீனின் நாற்றம் போகவில்லை.

"என்னைக் கூடத்துக்குள்ள விடக் கூடாதுன்னு துறைத்தலைவர் எழுதிட்டார்" என்றாள் தெரேத்தியா. "வெள்ளிக்கிழமை புராஜெக்ட் குடுக்கணும். எனக்கு லேப்டாப் கிடையாது. கிரிபாஸ் தீவுக்காரி மீனைத் தவிர வேற என்னத்தைக் கொண்டு வருவான்னு எல்லாரும் சிரிக்கிறாங்க."

அன்று திங்கட்கிழமை. காலையில் செரெயானா கூடத்தைத் திறந்ததுமே நாற்றம் அடித்தது. தேடியதில், பதினேழு என்று எண் ஒட்டிய கணினிப் பெட்டிக்குள் செய்தித்தாளில் சுற்றிய மீன், புழு நெளியக் கிடந்தது. துறையின் பட்டியலில் பதினேழுக்கு நேரே தெரேத்தியாவின் பெயர். மதியத்துக்குள் துறைத்தலைவர் விலியாமே, சுகாதாரக் கேடு என்று கூடத்தையே மூடச் சொல்லிவிட்டார். அந்த அறையை விருந்தினர் அரங்காக்க அவர் இருமுறை கேட்டு, இருமுறையும் நிர்வாகம் மறுத்திருந்தது.

அபிசாய் வாரயிறுதிப் பதிவேட்டைப் புரட்டினார். சனிக்கிழமை காலை தெரேத்தியா, மாலை விலியாமே. வேறு யாரும் கட்டடத்துக்குள் நுழையவில்லை.

"பெட்டியைக் காட்டு."

தெரேத்தியாவும் உடன் வந்தாள். கூடத்தில் செரெயானா மூக்கைப் பொத்திக்கொண்டாள். அபிசாய் குனிந்து பெட்டியின் பூட்டைத் தடவினார்.

"உடைக்கலையே. சாவி யார்கிட்ட?"

"ஒண்ணு என்கிட்ட. இன்னொண்ணு துறைத்தலைவர் மேசையில. அப்ப என்னையும் சந்தேகப்படணும், இல்ல அண்ணே?"

"படத்தான் வேணும். பெட்டி ஏன் மூலையில கிடக்கு?"

"அடிக்கடி நின்னு போகுதுன்னு வெள்ளிக்கிழமை சாயங்காலம் கழட்டி வெச்சேன். இவ இடத்துல முப்பத்தொண்ணை வெச்சேன். இவகிட்ட மட்டும்தான் சொன்னேன். பட்டியல்ல இன்னும் மாத்தல."

"துறைத்தலைவரை வரச் சொல்லு" என்றார் அபிசாய்.

விலியாமே கைக்குட்டையை மூக்கில் வைத்தபடி வந்தார். "இதுல விசாரிக்க என்ன இருக்கு? பட்டியலே சொல்லுதே."

"சொல்லுது, டாக்டர். மீன் சுத்தின பேப்பர்ல சனிக்கிழமைத் தேதி. அதுக்கு முன்னாடி நாளே பதினேழு மூலைக்குப் போயாச்சு. தெரேத்தியாகிட்ட பெட்டிச் சாவி கிடையாது. செரெயானாகிட்ட இருக்கு, ஆனா சனிக்கிழமை அவ வரவே இல்ல. வந்து இந்தப் பொண்ணு மேல பழி போட நினைச்சிருந்தாலும் முப்பத்தொண்ணுலதான் வெச்சிருப்பா. பதினேழு இன்னும் இவளோடதுன்னு நம்பின ஆள்தான் வெச்சிருக்கணும். இவளை ஒரு தடவைகூட உட்கார்ந்து வேலை செய்யறப்ப பார்க்காம, காகிதத்துல எண்ணா மட்டும் பார்த்த ஆள். அந்தக் காகிதமும் இன்னொரு சாவியும் உங்க மேசையில. சனிக்கிழமை சாயங்காலம் வந்ததும் நீங்க."

 விலியாமே கைக்குட்டையை மடித்துப் பையில் வைத்தார்.

"முப்பது ஓட்டைப் பெட்டிக்கு இவ்வளவு பெரிய அறை. வெளிநாட்டுல இருந்து வர்றவங்களை நான் எங்கே உட்கார வைக்கிறது? ஒரு மீனுக்குப் போய் இவ்வளவு பேச்சா?"

"இவ பேரை எதுக்கு இழுத்தீங்க?" என்றாள் செரெயானா.

"யார் பேரைச் சொன்னா உடனே நம்புவாங்களோ, அந்தப் பேர்."

 செரெயானா சன்னலைத் திறந்து வெளியே துப்பினாள்.

விலியாமே தெரேத்தியாவின் பக்கம் திரும்பினார். "இது நமக்குள்ள இருக்கட்டும். மேற்படிப்புக்கு நல்லதா ஒரு சிபாரிசுக் கடிதம் தர்றேன்."

"வேணாம் சார். என் பேரும் உங்க கையெழுத்தும் ஒரே காகிதத்துல இருக்கறதே அசிங்கம்."

அபிசாய் பதிவாளரைத் தொலைபேசியில் அழைத்தார். மாலைக்குள் விலியாமேயின் சாவிகள் பறிக்கப்பட்டன. மறுநாள் மதியம் கூடம் திறந்தது. முதல் ஆளாக வந்து உட்கார்ந்தாள் தெரேத்தியா. சிரித்தவர்களில் இருவர் அருகே வந்து, "மன்னிச்சுக்கோ" என்று முணுமுணுத்தார்கள்.

அவள் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "தள்ளி நில்லுங்க" என்றாள். "வேலை இருக்கு."