நின்ற பிறகு ஓர் அடி

வாள்வீரன் நடப்பதை நிறுத்திய பிறகு, ஒரு காலடிச் சத்தம் கூடுதலாகக் கேட்டது.

பெரிய விஷயம் ஒன்றுமில்லை. விளையாடுகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் கவனிக்கக்கூட மாட்டார்கள். ஆனால் அவளுக்குக் காதுதான் சோறு போடுகிறது. கணினி விளையாட்டுகளுக்குக் காலடிச் சத்தம் செய்வது அவள் வேலை.

திரையில் நடக்கிறவனுக்குக் கனம் கிடையாது. அவன் சரளையில் நடந்தால் சரளை நெரியாது, தண்ணீரில் இறங்கினால் தண்ணீர் தெறிக்காது. அவனுக்காக எங்கோ ஒரு அறையில் யாரோ நடந்து கொடுக்க வேண்டும். அவள் தன் வீட்டின் கடைசி அறையில், சுவரெல்லாம் கம்பளி தொங்கவிட்டு, ஜன்னலை அடைத்து, சரளைக்கு ஒரு தட்டு, மணலுக்கு ஒரு தட்டு, ஈரக் கல்லுக்கு ஒரு பலகை என்று வரிசையாக வைத்து, பழைய பூட்ஸைப் போட்டுக்கொண்டு நின்ற இடத்திலேயே நடப்பாள். கணுக்கால் உயரத்தில் மைக். பிறகு ஒவ்வோர் அடியையும் தனித்தனித் துண்டாக வெட்டுவாள். விளையாட்டு அந்தத் துண்டுகளைச் சீட்டுக்கட்டைப்போலக் கலைத்துக் கலைத்து எடுத்துப் போடும். ஒரே சத்தம் இரண்டு முறை அடுத்தடுத்து வந்தால் காது உடனே பொய்யைக் கண்டுபிடித்துவிடும்.

நிற்பதற்கும் தனிச் சத்தம் உண்டு. நடக்கிறவன் சட்டென்று நிற்பதில்லை. முன்கால் ஊன்றும், பின்கால் வந்து பக்கத்தில் சேரும். அந்தச் சேரும் அடி லேசானது. அதை அவள் பார்த்துப் பார்த்துச் செய்திருந்தாள்.

அந்தச் சேரும் அடிக்கும் பிறகுதான் இது. பூட்ஸ் சத்தம் இல்லை. வெறுங்கால்.

விளையாட்டு போன வருஷமே டிவியில் இணைத்து ஆடும் பெட்டிகளுக்கு வந்துவிட்டது. அப்போது யாரும் இதைக் கேட்கவில்லை. ஏன் என்று யோசித்துப் பிடித்தாள். அந்தப் பெட்டியில் ஒரே நேரத்தில் இத்தனை சத்தங்கள்தான் ஒலிக்கலாம் என்று ஒரு வரம்பு. காற்று, மழை, தீ, தூரத்து ஓநாய் என்று இடம் நிரம்பிவிட்டால், இருப்பதிலேயே மெல்லிய சத்தத்தைத் தள்ளிவிடும். இன்று மாலை ஏழு மணிக்குத் திறக்கப்போகும் கணினிப் பதிப்பில் அந்த வரம்பு இல்லை. எல்லாச் சத்தத்துக்கும் இடம் உண்டு. அப்படியானால் இத்தனை நாளும் அது இருந்திருக்கிறது. கேட்கத்தான் வழி இல்லாமல் இருந்திருக்கிறது.

இதுவரை சரி. ஆனால் ஒலிக்கிற ஒவ்வொரு துண்டின் பெயரும் திரையின் ஓரத்தில் ஓடும். வாள்வீரன் நின்றால் ஒரு பெயர் வரும், அதோடு முடிந்தது. கூடுதல் அடிக்குப் பெயரே வரவில்லை. காலடிகள் மொத்தத்தையும் அணைத்துப் பார்த்தாள். வாள்வீரன் சத்தமில்லாமல் மிதந்து போய் நின்றான்.

பிறகு அந்த ஓர் அடி.

"அக்கா, இன்னும் எவ்வளவு நேரம்?" என்று பக்கத்து அறையிலிருந்து தம்பி கத்தினான்.

"கடிகாரம் உன் தலைக்கு மேலதான்டா இருக்கு."

"அது மெதுவா ஓடுது. உன் ஆபீஸ்ல சொல்லி அரை மணி முன்னாடி திறக்கச் சொல்லேன்."

"சொல்றேன். என் தம்பி பாத்ரூம்கூட போகாம உட்கார்ந்திருக்கான்னு சொல்றேன்."

பைக்கிலிருந்து விழுந்து முட்டி நொறுங்கி, அறுவை சிகிச்சை முடிந்து, தொடையிலிருந்து கணுக்கால்வரை இரும்புப் பட்டை மாட்டிக்கொண்டு வீட்டோடு கிடக்கிறான். சக்கர நாற்காலியில் இருந்து எழவே கை கொடுக்க வேண்டும். நாற்காலி என்றால் ஆஸ்பத்திரி நாற்காலி இல்லை; கணினி முன்னால் போடுகிற, சின்னச் சக்கரங்கள் வைத்த உயர்ந்த நாற்காலி. அவன் நாளெல்லாம் அதில்தான். இந்த விளையாட்டுக்காகக் காத்திருப்பது ஒன்றுதான் அவனை எரிந்து விழாமல் வைத்திருந்தது. "நான்தான் நடக்க முடியாம கிடக்கேன். அவனாவது என் பேர்ல நடக்கட்டுமே," என்று வாள்வீரனைப் பற்றிச் சொன்னபோது சிரித்துக்கொண்டுதான் சொன்னான். அவளால் சிரிக்க முடியவில்லை.

மேல்வீட்டுக்காரரும் இதே பைத்தியம். வங்கியில் வேலை. அவரும் தம்பியும் போனை ஸ்பீக்கரில் போட்டுவிட்டு மணிக்கணக்காகப் பேசுவார்கள். "தம்பி, நீ வாளைத் தூக்கிக்கிட்டு சுற்றுலா போற ஆளு. ஒரு அடி வைப்ப, ஒம்பது நிமிஷம் வேடிக்கை பார்ப்ப," என்பார் அவர். உண்மைதான். தம்பி எந்த விளையாட்டிலும் சண்டையைவிட நின்று பார்ப்பதைத்தான் அதிகம் செய்வான்.

போன் அடித்தது. குழுவின் தலைவி. எதற்கும் நிறுத்து என்று சொல்லாததால் அவருக்குப் பச்சைவிளக்கு என்று பெயர்.

"அந்தக் காலடி என்னம்மா ஆச்சு?"

"இன்னும் கேக்குது மேடம்."

"எத்தனை?"

"ஒண்ணு."

"ஒரு அடிக்காக ரிலீஸை நிறுத்தினா என்னைத் தொங்கவிட்டுடுவாங்க. சரியாயிடுச்சுன்னு ஒரு வார்த்தை சொல்லு, போதும்."

அவள் இன்னொன்றைச் சொல்லவில்லை. அந்தச் சத்தம் நாளுக்கு நாள் பெரிதாகிக்கொண்டிருந்தது. முதலில் குகையின் மறுகோடியில் கேட்டது போல இருந்தது. வாள்வீரன் நடந்துகொண்டிருக்கும்வரை எதுவும் மாறாது. அவனை நிற்கவைத்துவிட்டு அவள் தேநீர் போட்டுக்கொண்டு வந்தால், அதற்குள் நெருங்கியிருக்கும். இப்போதும் அப்படித்தான். கோப்பையோடு வந்து உட்கார்ந்து ஹெட்போனை மாட்டியபோது, அடி அவனுக்குச் சரியாகப் பின்னால் விழுந்தது. ஈரக் கல்லிலிருந்து உள்ளங்கால் தோல் பிரிகிற ஓசைகூடத் தெளிவாக, ஒட்டிய காகிதத்தை மெல்ல உரிப்பது போல, அவள் பிடரிக்குக் கீழே கேட்டது.

அவள் வாள்வீரனைத் திருப்பினாள். பின்னால் குகை. யாரும் இல்லை.

மறுபடி நடக்கவிட்டாள். நிறுத்தினாள்.

எதுவும் கேட்கவில்லை.

மணலில் நிறுத்தினாள், மரப்பாலத்தில் நிறுத்தினாள், சேற்றில் நிறுத்திவிட்டுக் கோப்பை காலியாகும்வரை காத்திருந்தாள். சுத்தம். வந்த மாதிரியே போய்விட்டது. சில பிழைகள் அப்படித்தான், காரணம் சொல்லாமல் கழன்றுகொள்ளும்.

"சரியாயிடுச்சு மேடம்."

"என் கண்ணு!" என்றார் பச்சைவிளக்கு.

ஹெட்போனைக் கழற்றி வைத்தாள். கோப்பையைக் கழுவ எழுந்து, தாழ்வாரம் வழியாகச் சமையலறைக்குப் போய், தொட்டி முன்னால் நின்றாள்.

பின்னால் ஓர் அடி விழுந்தது.

கை குழாயிலேயே நின்றது. முதலில் மேல்வீடு என்றுதான் நினைத்தாள். ஆனால் கான்கிரீட் கூரை கனத்த, தாழ்ந்த சத்தத்தை மட்டும்தான் விடும். மேலே யார் நடந்தாலும் கீழே வெறும் தொம் தொம் என்றுதான் கேட்கும். இதில் தோல் உரியும் ஓசை இருந்தது. அதோடு எதிரொலி. குகையின் எதிரொலி இல்லை. ஓடு பதித்த தரை, வெறும் சுவர், குறுகலான தாழ்வாரம். அந்த எதிரொலி அவளுக்கு நன்றாகத் தெரியும். அவள் வீட்டு எதிரொலி.

திரும்பினாள். தாழ்வாரம் காலி. மாலை வெளிச்சம் தரையில் சாய்ந்து கிடந்தது.

இன்னோர் அடி. இப்போதும் பின்னால்தான். ஆனால் இப்போது அவளுக்குப் பின்னால் இருந்தது தொட்டியும் சுவரும். சத்தம் சுவருக்கு அப்பாலிருந்து, அங்கேயும் ஒரு தாழ்வாரம் இருப்பது போல, கொஞ்சம் தூரத்திலிருந்து வந்தது. முன்பைவிடக் கொஞ்சம் கிட்டத்திலிருந்து.

அவள் நடந்தாள். ஓடவில்லை. கால் தானாக நடந்தது. சமையலறையிலிருந்து கூடம், கூடத்திலிருந்து தாழ்வாரம். சத்தம் இல்லை. தாழ்வாரத்தின் கோடியில் மூச்சு வாங்க நின்றாள்.

அடி.

நடந்தாள். சத்தம் இல்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு, ஒருமுறை கேட்டால் போகட்டும் என்று பல்லைக் கடித்து அசையாமல் நின்று பார்த்தாள். ஓர் அடி. சிறிது இடைவெளி. இன்னோர் அடி. மூன்றாவதற்கு அவள் காத்திருக்கவில்லை.

பக்கத்து அறையில் தம்பி கூவினான். "திறந்துடுச்சு! அக்கா, திறந்துடுச்சு!"

நடந்துகொண்டே பச்சைவிளக்குக்குப் போன் போட்டாள். லைன் கிடைக்கப் பத்து நிமிஷம் ஆனது.

"மேடம், நிறுத்துங்க. உடனே மூடச் சொல்லுங்க."

"எதை மூடறது? ஊரே உள்ள போயாச்சு. நீதானேம்மா சரியாயிடுச்சுன்னு சொன்ன?"

அவள் போனைப் பையில் போட்டாள். தம்பியின் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனாள். விளக்குப் போடாமல் உட்கார்ந்திருந்தான். திரை வெளிச்சத்தில் அவன் முகம் நீலமாகத் தெரிந்தது. வாள்வீரன் ஒரு மலை விளிம்பில் நின்றிருந்தான். அவன் தலைமுடி மட்டும் காற்றில் ஆடியது.

"அண்ணா, அந்த மேகத்தைப் பாருங்க. நான் வந்ததுல இருந்து இங்கயே நிக்கிறேன்," என்று மடியில் இருந்த போனில் மேல்வீட்டுக்காரரிடம் சொல்லிக்கொண்டிருந்தான்.

"டேய், அவனை நடக்கவிடு."

"எல்லாம் பார்த்துட்டு நடப்பான். நீ ஏன் வாலறுந்த பூனை மாதிரி சுத்துற?"

அவள் கட்டிலைச் சுற்றி நடந்து, மேஜைக்கு வந்து, கையை நீட்டி விசையை அழுத்தினாள். வாள்வீரன் நடந்தான். விட்டாள். நின்றான். தம்பியின் கழுத்தில் கிடந்த ஹெட்போனைக் காதருகே இழுத்து, கால்களை மாற்றி மாற்றி வைத்தபடியே கேட்டாள்.

ஒன்றுமில்லை. சுத்தமாக இருந்தது.

"இவ்வளவு நேரம் ஏதாவது கேட்டுதா?" என்றாள். "உனக்கு ஒரு காலடி கேட்டுதா? நின்னதுக்கு அப்புறம்?"

"கேட்டுதே. சூப்பரா பண்ணியிருக்கக்கா. கிட்ட வந்து கிட்ட வந்து, அப்புறம் காணாம போச்சு." அவன் கழுத்தைத் தேய்த்துக்கொண்டான். "சரி, ஏன் என் பின்னாடி வந்து நிக்கிற?"

அவள் அவனுக்கும் திரைக்கும் நடுவில் இருந்தாள். அவன் பின்னால் அலமாரி.

மேலே நாற்காலி நகர்ந்தது. தொம், தொம் என்று நடை. நின்றது. கொஞ்சம் பொறுத்து மறுபடி நடை, வேகமாக. நின்றது. மடியில் இருந்த போனில் மேல்வீட்டுக்காரரின் குரல் தாழ்ந்து வந்தது. "தம்பி... உங்க அக்கா மேல வந்தாங்களா? யாரோ இங்க..."

"நடங்க!" என்று அவள் கத்தினாள். "நிக்காதீங்க, நடந்துகிட்டே இருங்க!"

"யாருன்னு பார்த்துட்டு..." என்றார் அவர்.

போனில் உள்ளங்கால் தரையிலிருந்து உரிந்தது. மிக அருகில்.

பிறகு அவர் பேசவில்லை. இணைப்பு அறுபடவும் இல்லை.

அவள் நாற்காலியின் முதுகைப் பிடித்துத் தள்ளினாள். சக்கரங்கள் கடகடத்தன. நீட்டியிருந்த காலைக் கதவு இடிக்காமல் அவன் கையால் தூக்கிக்கொண்டான். கூடம். சாப்பாட்டு மேஜையைச் சுற்றி. தாழ்வாரம். மறுபடி கூடம்.

"அக்கா, பயமுறுத்தாத. நிறுத்து."

"கேட்டுக்கிட்டே வா. கேக்குதா?"

"இல்ல."

தாழ்வார வளைவில் ஒரு சக்கரம் மிதியடியில் சிக்கியது. நாற்காலி நின்றது. அவளும் நின்றாள்.

இரண்டு அடிகள். ஒன்று அவளுக்கு. ஒன்று அவனுக்கு.

தம்பி தலையைத் திருப்பவில்லை. "தள்ளு," என்றான் சின்னக் குரலில். "தள்ளுக்கா."

மிதியடியை உதைத்துத் தள்ளினாள். கடகட. ஓடுகளின் இடுக்குகளில் சக்கரம் ஏறி இறங்கியது. சத்தம் இல்லை. கூடம். மேஜை. தாழ்வாரம். இருட்டிக்கொண்டு வந்தது. விளக்குப் போட நிற்க முடியாது. போகிற போக்கில் தட்டினாள், கை தவறியது. அடுத்த சுற்றில் தட்டினாள். எரிந்தது. கெண்டைக்கால் இறுகியது. வேகத்தைக் குறைத்துப் பார்த்தாள். குறைத்தால் பரவாயில்லை. நின்றால்தான்.

அவன் மடியில் போன் இன்னும் ஒளிர்ந்துகொண்டிருந்தது. அதிலிருந்து இப்போது வெறுங்கால் சத்தம் வந்தது. ஓர் அடி இல்லை. அடுத்தடுத்து. நிதானமாக. மேலே கூரையில் அதே தொம் தொம். அவர்கள் கூடத்துக்குப் போனால் கூடத்துக்கு மேல். தாழ்வாரத்துக்குத் திரும்பினால் தாழ்வாரத்துக்கு மேல். அவர்கள் நகர்ந்துகொண்டிருந்தும் அது நிற்கவே இல்லை.

அவள் தலைநிமிராமல் தள்ளினாள். எப்படித் தப்பிப்பது என்ற கேள்விக்கு விடை கிடைத்துவிட்டது. ஒருவருக்குச் சோதித்தாள், இருவருக்கும் சோதித்தாள், ஒவ்வொரு முறையும் வேலை செய்தது. நின்றால் வரும். நகர்ந்துகொண்டே இருந்தால் வராது. தூங்காமல், உட்காராமல், நகர்ந்துகொண்டே இருக்க வேண்டும். அவ்வளவுதான்.